உப்பு ஏறிய நார்

எங்கள் அடுப்படி ஆணியில் ஒரு பிடி வாழைநார் தொங்குகிறது. கறுத்த நார். மாரி தொடங்கினால் அது வியர்க்கும். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியம்மாமேல் எனக்குக் கோபம் வருகிறது. அவர் கண்ணை மூடிய பிறகும் இந்தக் கோபத்துக்கு மட்டும் சாவு வரவில்லை.

செட்டிபாளையத்தில் எங்கள் மாதர் சங்கத்துக்குப் பெரியம்மாதான் தலைவி. குலை வெட்டியபின் தோட்டங்களில் அழுகிக் கிடக்கும் வாழைமரங்களிலிருந்து துணி நெய்ய நார் எடுக்கலாம் என்று ஒரு தொண்டு நிறுவனம் இயந்திரம் ஒன்றைத் தந்திருந்தது. முதலில் அனுப்பும் நாரைக் கொழும்பு நெசவுக்காரர் ஏற்றுக்கொண்டால் இயந்திரம் எங்களுக்கு. இல்லாவிட்டால் வேறு ஊருக்கு. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதா, பிள்ளைகளோடு இருப்பதா என்று தவித்த பெண்கள் அந்த இயந்திரத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

பயிற்சிக்குப் போய் வந்தவள் நான். வெட்டிய அன்றே உரிக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீரில் அலச வேண்டும், நிழலில் காயப்போட வேண்டும் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். பெரியம்மாவோ ஆயுள் முழுக்கத் தென்னந்தும்பு அடித்தவர். தேங்காய் மட்டையை வாவிச் சேற்றில் புதைத்து ஊறவைத்து அடித்தால்தான் அவருக்குத் தும்பு.

"பச்சையா உரிக்கிறதெல்லாம் ஒரு நாரா புள்ள? ஊறாத நார் ஒரு மழைக்குத் தாங்காது" என்றார்.

கொழும்பில் யார் அதை மழையில் நிறுத்தப் போகிறார்கள் என்று கேட்டேன். "நீ படிச்ச புள்ள, உனக்கு விளங்காது" என்று வாயை அடைத்துவிட்டார்.

நான் வவுணதீவில் ஒரு கலியாணத்துக்குப் போன சமயம் பார்த்து, வெட்டி வந்த மரங்களையெல்லாம் மடல் மடலாகப் பிரித்து, வாவிக்கரையில் மட்டை ஊறப்போடும் குழிக்குள் அமுக்கி, மேலே சேற்றையும் அப்பிவிட்டார். நான் திரும்பி வந்தபோது குழித் தண்ணீரே கறுத்துப்போயிருந்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு கரையிலேயே குந்திவிட்டேன். வாவித் தண்ணீரில் பாதி கடல். அந்த உப்பு நாரில் ஏறினால் லேசில் போகுமா? காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். கெடு நெருங்கிவிட்டது, வேறு மரம் வெட்ட வழியில்லை. அதையே உரித்து, அலசி அலசிக் காயவைத்து அனுப்பினோம்.

கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. "மழையில நனைஞ்ச சாமானையா அனுப்பினீங்க? மீன் வாடையும் அடிக்குது" என்றார் நெசவுக்காரர். நார் திரும்பி வந்தது. அதே லொறியில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரியம்மா வாயிலிருந்து 'பிழைச்சுப் போச்சு' என்று ஒரு வார்த்தை வரவேண்டுமே! "கொழும்புக் காத்துல ஈரம் கூட" என்றார். அடைமழையில் மட்டக்களப்பில் நின்றுகொண்டு சொன்ன பேச்சு இது. ஆனால் சங்கத்துப் பெண்கள் சிலர் குவைத்துக்குப் புறப்பட்ட அன்று அவர் வழியனுப்ப வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், சோறும் தின்னவில்லை.

கடைசிக் காலத்தில், படுக்கையில் இருந்தபடியே இந்தப் பிடி நாரை என் கையில் தந்தார். "இழுத்துப் பார் புள்ள, அறுகுதா?" அறவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு வெற்றி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது வவுணதீவில் வேறொரு இயந்திரத்தில் நார் எடுக்கிறேன். அன்றன்றே உரித்த வெள்ளை நார். அதே நெசவுக்காரர் மறுபேச்சில்லாமல் வாங்குகிறார். அதைச் சொல்லிக் காட்டத்தான் ஆள் இல்லை. நேற்றும் நல்ல மழை. ஆணியிலிருந்து அந்தக் கறுத்த நாரை எடுத்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். இந்த முறையாவது அறுந்து தொலைத்தால், "பாத்தீங்களா பெரியம்மா" என்று ஒருதரம் சொல்லிவிடலாமே.

அறவில்லை. ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, திரும்பவும் ஆணியில் மாட்டினேன்.