வெயில் பக்கம் உட்கார்ந்தால் எழுபது

நெல்லிக்குப்பம் போவதற்காகக் கடலூரில் சாயங்காலம் பஸ் ஏறிய என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார் ஒருவர். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு ஐ.க்யூ. டெஸ்ட் வைப்பவராம். முழுக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா. அன்றுதான் ஒரு பள்ளியில் பாதி வகுப்பை மந்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நாளையிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பாம்.

"இடது பக்கந்தான் சார் நிழல் வரும். யோசிக்கத் தெரிஞ்சவன் இங்கதான் உக்காருவான்" என்றார். வலது பக்கம் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் வாய்க்குள்ளேயே மதிப்பெண் போட்டார். "எழுபது. அந்தம்மா அறுபத்தஞ்சு."

"அறிவுல ஏழெட்டு வகை இருக்குதுன்னு சொல்றாங்களே சார்?"

"அதெல்லாம் ஃபெயிலானவனுக்குச் சொல்ற ஆறுதல். அறிவு ஒண்ணுதான்."

பஸ் கிளம்பியதும் வெயில் எங்கள் முகத்திலேயே அடித்தது. "டர்னிங்ல மாறிடும்" என்றார். மாறவில்லை. கண்டக்டர் வந்ததும் சிதம்பரத்துக்கு டிக்கெட் கேட்டார்.

"சிதம்பரமா? இது பண்ருட்டி வண்டி சார். போர்டு பாக்கலியா?"

கொஞ்ச நேரம் அவர் யாருக்கும் மதிப்பெண் போடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "போர்டு பாக்குறது வேற வகை அறிவு சார்" என்றார்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கினார். எங்கள் வண்டி நகர்வதற்குள், வெயில் அடித்த எதிர்ப்பக்கத்தில், அவர் திரும்பிப் போக வேண்டிய கடலூர் பஸ் ஒன்று வந்து ஆள் ஏற்றியது. அவர் இந்தப் பக்கத்து மரநிழலை விட்டு அசையவில்லை. வெயிலில் நின்று ஏறியவர்களைப் பார்த்து அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.