போயிலை ஒதுக்கிய கன்னம்

எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, எனக்கு வலது கன்னத்துக்குள் புற்று வந்தது. அஞ்சுகிராமத்துப் பக்கம் விவசாயம். நடவைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மனைவியோடு மேற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே வெள்ளைக்கார டாக்டர் கன்னத்தில் ரேடியம் ஊசி குத்தி வைப்பார், ஒரு வாரத்தில் புற்று கருகிவிடும் என்று கேள்விப்பட்டுத்தான் போனோம். போன பிறகு தெரிந்தது, அவர் மாசக் கடைசியில் கப்பலேறுகிறார். திரும்ப மாட்டார். எனக்கு ஊசி வைக்கப்போவது அவரிடம் படிக்கும் நம்மூர் டாக்டர். அவர் தனியாக வைக்கும் முதல் ஆள் நான்.

இருப்புக் கொள்ளவில்லை. வாயில் அடக்கும் போயிலையையும் நிறுத்தியாகிவிட்டது. வராந்தாவில் நடந்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். திரும்பினேன். மறுபடி போனேன்.

நம்மூர் டாக்டர் சாயங்காலம் தோறும் வாழைத்தண்டில் ஊசி குத்திப் பழகுவார். பக்கத்துக் கட்டிலில் கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிறவர். அவர் சொன்னார்: "பயப்படாதேயும் வே. வாழைத்தண்டு இதுவரைக்கும் ஒரு குத்தமும் சொல்லல்ல."

மனைவி சிரிக்கவில்லை. "படிக்கதுக்கு ஒங்க கன்னந்தான் கெடச்சுதா?" என்று துணியை மூட்டை கட்டினாள். மெட்ராசுக்குப் போவோம் என்றாள். அங்கே யாரைப் பார்ப்பது என்று இருவருக்கும் தெரியாது.

வெள்ளைக்காரரிடம் போய், நீங்களே வையுங்கள் என்று கேட்டேன். நான் வைத்தால் இவர் எப்போது படிப்பார், அடுத்த மாசம் வருகிறவனுக்கு யார் வைப்பார் என்றார். அடுத்த மாசம் வருகிறவனைப் பற்றி எனக்கென்ன. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தேன்.

மறுநாள் நம்மூர் டாக்டர் வாயைப் பார்த்தார். வெள்ளைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். போயிலை போடுவேன் என்று என் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏற்கனவே எழுதியிருந்தது. நம்மூர் டாக்டர் சீட்டைக் கீழே வைத்தார்.

"ஓய், ஒறங்கும்போ எங்க ஒதுக்குவீரு?"

இருபது வருஷமாக வாயில் அடக்கிக்கொண்டு தூங்குகிறேன். ஒருத்தரும் கேட்டதில்லை. விரலை விட்டுக் காட்டினேன். கடைசிப் பல்லுக்கும் பின்னால். அவர் அங்கே தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. கடுகளவு தடிப்பு. வெள்ளைக்காரரும் குனிந்து தொட்டுப் பார்த்தார். ஊசி குத்தும் இடங்களைக் குறிக்கச் சீட்டில் வரைந்திருந்த வாய்ப் படத்தில் இன்னொரு புள்ளி வைத்தார்.

வார்டுக்கு வந்து மூட்டையை அவிழ்க்கச் சொன்னேன். ஏன் என்றாள் மனைவி.

"இவருக்குத் தெரியும்" என்றேன்.

நம்மூர் டாக்டர் ஊசி வைத்தது எனக்குத் தெரியாது. மயக்கத்தில் கிடந்தேன். எட்டாம் நாள் அவரே எடுத்தார். வெள்ளைக்காரர் அதற்குள் போய்விட்டிருந்தார். எனக்கு வாய் இப்போதும் முழுக்கத் திறக்காது. ஒரு உருண்டைச் சோறு போகும். போதும்.