சிந்துஜாவுக்கு வந்த சாமி

அருணாதேவிக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு டீக்கடை. புருஷன் சக்திவேல் ஆட்டோ ஓட்டுகிறான். வீட்டில் வாய் திறப்பதைவிட ரோட்டில் ஹாரன் அடிப்பது அதிகம். மகள் சிந்துஜாவுக்கு ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்தது. ஊசி போடுவதும் விரலில் குத்திப் பார்ப்பதும் அருணாதேவியின் வேலை. யோசனை சொல்வது ஊரின் வேலை. "இனிப்ப நிறுத்து, தானா போயிடும்" என்று சொல்லாதவர் அந்தத் தெருவில் இல்லை.

சர்க்கரை ஏறினால் சிந்துஜா எரிந்து விழுவாள். இறங்கினால் தெரிந்த வாய்ப்பாடே மறந்துபோய் விழிப்பாள். பள்ளிக்கூடத்தில் முதலாவதற்குத் திமிர் என்றும், இரண்டாவதற்கு மக்கு என்றும் பெயர் வைத்திருந்தார்கள்.

போன பௌர்ணமியன்று கடையில் நிற்க இடமில்லை. மகளுக்கு ஊசி போட்டு, இட்லித் தட்டை நாத்தனார் ரேணுகாம்பாள் கையில் கொடுத்தாள் அருணாதேவி.

"ஊசி போட்டாச்சு அண்ணி, உடனே சாப்பிட வைங்க."

ரேணுகாம்பாள் பௌர்ணமி விரதக்காரி. நிலா ஏறி, கற்பூரம் காட்டாமல் ஒரு வாய் உள்ளே போகாது. தன் விரதத்தில் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு, தட்டை மூடி வைத்தாள். ஊசி மருந்துக்கு ஏது விரதம்? அது தன் பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போனது.

நிலா வருவதற்குள் சிந்துஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கண் ஒரே இடத்தில் நின்றது, வாய் குழறியது.

"சாமி வந்துடுச்சு!" என்று ரேணுகாம்பாள் திருநீற்றை அள்ளி அப்பினாள். கூட்டம் கூடியது. "எம் புள்ள வல்லரசுக்கு எப்ப தாயே வேலை கெடைக்கும்?" என்று ரேணுகாம்பாளே முதலில் கேட்டாள்.

"பச்ச... பஸ்..." என்றது பிள்ளை.

"கவர்மெண்ட் பஸ்ஸுல டிரைவர் வேலை!"

சத்தம் கேட்டுக் கடையிலிருந்து வந்த அருணாதேவிக்கு ஒரு பார்வையே போதும். டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"சாமி எறங்காம வாயில ஊத்தாதடி, குத்தம்!"

"சாமியா? இன்னும் செத்த நேரம் விட்டா புள்ள மயங்கிடும். நவுருங்க!"

தடுத்த கைகளை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். விரலில் குத்திப் பார்த்தாள், கம்மிதான். இன்னொரு டம்ளர் கொடுத்தாள். மெல்லப் பிள்ளையின் கண்ணில் தெளிவு வந்தது.

"எதுக்கும்மா இவ்ளோ பேரு நிக்கறாங்க?"

"வேற வேலை இல்ல, அதான்."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அருணாதேவி தட்டைத் திறந்து இட்லியைப் பிட்டு மகளுக்கு ஊட்டினாள். நிலா இன்னும் வரவில்லை.

ரேணுகாம்பாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. "கொஞ்சம் பொறுத்திருந்தா, எந்த டிப்போன்னும் சொல்லியிருக்கும்" என்றாள்.