நல்ல நேரம் முடியும்வரை

வளைகாப்பு மனையில் உட்கார்ந்திருந்த நாகஜோதிக்கு எதிரே நின்ற பெண்களின் முகங்கள் கலங்கித் தெரிந்தன. காலையிலிருந்தே தலை பிளந்தது. விலாவுக்குக் கீழே வேறு வலி.

திருமங்கலத்துக்கு மேற்கே அவள் வாக்கப்பட்ட ஊரில், அடங்கிப் போகிறவள் என்று அவளுக்குப் பேர் கிடையாது. பருத்தி வியாபாரி தராசில் கை வைத்தால் சட்டையைப் பிடிப்பாள். ஆனாலும் வீடு நிறையச் சொந்தபந்தம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பிரசர் ஏறிக்கிட்டே போகுது தாயி. தலைவலியோட கண்ணு மங்குனா உடனே வந்துரு, யோசிக்காத" என்று போன வாரம்தான் நர்சம்மா சொல்லியிருந்தார்.

"அத்தே, கண்ணு மங்குது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மாமியார் இருளாயி சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "புள்ளத்தாச்சின்னா கை கால் வீங்கும், கண்ணும் இருட்டத்தான் செய்யும். ஊரே வந்திருக்கு. நல்ல நேரம் முடியட்டும்டி."

"முடியுறவரைக்கும் நான் இருக்கணும்ல?"

நாகஜோதி எழுந்துவிட்டாள். பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த கணவன் ஜெயபாண்டியிடம் போய் நின்றாள். "வண்டிக்குச் சொல்லுங்க. இல்லைன்னா நான் பஸ்ஸுல போறேன்."

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு உப்பிக் கிடந்த இவள் முகத்தைப் பார்த்தான். விருந்தாளி ஒருவரின் காரைக் கேட்டு வாங்கினான். இருளாயியும் முணுமுணுத்தபடியே ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பிரசர் பார்த்ததும் எல்லாரும் ஓடத் தொடங்கினார்கள். ஊசி ஏற்ற நரம்பு தேடினால், வீங்கிய இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்கள் இறுகிக் கிடந்தன. உடைத்தால்தான் ஆகும் என்றார் டாக்டர்.

"எம்மகன் குத்துக்கல்லாட்டம் நிக்கையில வளையல உடைக்கவா?" இருளாயி குறுக்கே வந்து நின்றாள்.

நாகஜோதி கையை ஓங்கிக் கட்டில் கம்பியில் அடித்தாள். சில்லுகள் தெறித்தன. மறு கையையும் அடித்தாள். மணிக்கட்டில் ரத்தம் கசிந்தது.

"அவருக்கு ஒண்ணும் ஆகாது அத்தே. ஆகப் பாக்குறது எனக்குத்தான். தள்ளுங்க."

வலிப்பு வராமலிருக்கப் போட்ட மருந்து உடம்பெல்லாம் நெருப்பாக ஏறியது. அப்புறம் ஆபரேசன். பிறந்த பெண்குழந்தையைச் சில வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று ஜெயபாண்டியிடமும் இருளாயியிடமும் டாக்டர் சொன்னார்.

வீடு திரும்பியும் அவளுக்குப் பிரசர் முழுதாக இறங்கவில்லை. மாத்திரை தொடர்ந்தது. குழாயடியில் ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள், "தாலி கட்டுனவன் இருக்கையிலயே வளையல உடைச்சவ நீதான?"

"ஆமா, நாந்தான். இன்னொரு தடவை அப்படி வந்தாலும் உடைப்பேன்" என்றாள் நாகஜோதி.

பக்கத்தில் நின்ற இருளாயி தன் குடத்தை எடுத்தாள். மருமகளின் குடத்தையும் சேர்த்து இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.