பன்னிரண்டு வயலுக்கு விதைநெல்

வீடு வீடாய்ப் போய்ப் பொருள் சேர்த்த ஆக்களுக்குத்தான் தெரியும், கேக்கிறது லேசு, சேர்ந்ததைக் கொண்டுபோய்க் குடுக்கிறதுக்குள்ளை சீவன் போயிடும் எண்டு. நீங்களும் பட்டனீங்கள் எண்டால் கிட்ட வாங்கோ.

ஒட்டுசுட்டான் பக்கம் வெள்ளம் வந்து பன்னிரண்டு குடும்பத்தின்ரை பயிரை அழிச்சுப்போட்டுது. ஒரு கிழமைக்குள்ளை திருப்பி விதைக்காட்டி இந்தப் போகம் போச்சு. பூவரசங்குளத்து மாதர் சங்கத்துச் செயலாளர் நான். "விதைநெல் கொண்டுவந்து தாறன்" எண்டு அவையளுக்குப் போனிலை வாக்குக் குடுத்திட்டன். சொன்னால் செய்வன், அது ஊருக்கே தெரியும்.

கிழமை பாக்காத செயலாளர்

அவசரத்திலை அடுத்த நாளே, பின்னாலை பெட்டி பூட்டின லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினைப் பிடிச்சுக்கொண்டு வெளிக்கிட்டன். முதல் வீட்டிலை தேத்தண்ணி. ரெண்டாம் வீட்டிலை தேத்தண்ணியும் வடையும். ஏழு வீடு ஏறி இறங்கி என்ரை வயிறு நிறைஞ்சுது, பெட்டி நிறையேல்லை. எல்லாருக்கும் சிரிச்ச முகம், நெல் மட்டும் வரேல்லை. எனக்கு விசர் வந்திட்டுது. எட்டாம் வீட்டுப் பரமேசக்கா படலையடியிலை வைச்சே சொல்லிப்போட்டா:

"வெள்ளிக்கிழமையிலை ஆர் பிள்ளை வீட்டு நெல்லை வெளியிலை குடுப்பினம்? நாளைக்கு வா, ஒண்டுக்கு ரெண்டு மூட்டையாய்த் தாறன்."

முளைக்காத மூட்டை

சனிக்கிழமை நெல் வந்து குவிஞ்சுது. வவுனியா ரவுனிலை இருந்து ஒரு ரீச்சரக்காவும் ஓட்டோ பிடிச்சு ஒரு மூட்டை கொண்டுவந்தா. கல்லில்லை, பதரில்லை, அவ்வளவு சுத்தம். அள்ளிப் பாத்தால், ஐயோ, அவிச்ச நெல்! அவிச்சது எங்கை முளைக்கிறது? மெல்லமாய்ச் சொன்னன். அவவின்ரை முகம் ஒருக்கா வாடிச்சுது. பிறகு மூட்டையிலை ஒரு தட்டுத் தட்டினா:

"உங்கடை நெல் முளைச்சு வெட்டுற வரைக்கும் அந்தச் சனங்கள் பட்டினி கிடக்கிறதே? ஏத்து பிள்ளை."

கலந்துபோன நெல்

எங்கடை லாண்ட்மாஸ்ரர்காரன் தவமண்ணை நல்ல மனுசன். சின்னச் சின்னப் பையளிலை வந்த நெல்லை எல்லாம் பெரிய சாக்குகளிலை கொட்டிக் கட்டி வைச்சிருந்தார். ஏத்தச் சுகம் எண்டு நானும் மெச்சினன். மூண்டு மாத நெல்லும் மூண்டரை மாத நெல்லும் ஒண்டாய்ப் போனது எங்கள் ரெண்டு பேருக்கும் விளங்கேல்லை. சேர்த்து விதைச்சால் ஒண்டு வெட்டுக்கு நிக்கேக்கை மற்றது பச்சையாய் நிக்குமெல்லோ?

எல்லாம் சேர்த்து ஏத்திக்கொண்டு போய்ச்சேர புதன்கிழமை ஆச்சு. ஒட்டுசுட்டானிலை சாக்கை அவிட்ட உடனை, அந்தப் பன்னிரண்டு குடும்பத்திலை ஒரு ஆளான ராசம்மாக்கா கண்டுபிடிச்சிட்டா. சின்னனிலை மலையகத்திலை இருந்து வந்து, வயலிலையே வாழுற மனுசி. கலக்காத நெல் பத்துக் குடும்பத்துக்குத்தான் காணும். விதைக்க இருந்த தவணை முடிய இன்னும் ஒரு நாள்தான். ரெண்டு குடும்பம் வெறுங்கையோடை என்னைப் பாத்துக்கொண்டு நிண்டுது. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், நான் அழுதுபோட்டன்.

ராசம்மாக்கா அழேல்லை. ஓலைக் கடகத்தை எடுத்தா. ஒரே இன நெல் இருந்த மூட்டையளிலை இருந்து, தன்ரையிலையும் சேர்த்து, அள்ளி அள்ளி அந்த ரெண்டு பேருக்கும் பங்கு வைச்சா. மற்ற ஆக்களும் தங்கடை மூட்டையை விரிச்சுப் பிடிச்சினம். "உங்களுக்குக் காணாதே அக்கா" எண்டன்.

"நாங்க எல்லாரும் கொஞ்சம் கொறைச்சு வெதைச்சுக்கிறோம் அம்மா. பக்கத்து வயலு சும்மா கெடந்தா, எங்களுக்குச் சோறு எறங்குமா?"

இப்ப பன்னிரண்டு வயலும் பச்சை. பிழை விட்டது முழுக்க நாங்கள், சமாளிச்சது முழுக்க அவையள், நன்றி மட்டும் எங்களுக்குச் சொல்லுகினம்.