அரைத்தட்டு

மருத்துவமனைச் சமையல்காரருக்கு 'அம்பாரம்' என்று பட்டப்பெயர். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சிதான். தட்டில் அவர் வைக்கும் சோறுதான் அம்பாரமாகக் குவிந்திருக்கும். நோயாளி என்றால் நாலு வாய் கூடத்தான் சாப்பிட வேண்டும் என்பது அவர் கட்சி. கையைச் சுருக்கி யாருக்கும் வைத்ததில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வெயில் வாட்டி எடுத்தது. காய்கறி வண்டி பாதி காலியாக வந்தது. வந்ததும் வதங்கிக் கிடந்தது. பின்வாசல் குப்பைத்தொட்டி மட்டும் மிச்சச் சோற்றால் நிரம்பி வழிந்தது.

பாத்திரம் கழுவுகிற அக்கா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, விளைச்சலே இல்லன்னு விவசாயிங்க அழறாங்க. இங்க நாம பாதியைக் கொட்டுறோம். கொஞ்சம் கம்மியா வைங்களேன்."

"நோயாளி வயித்துல அடிக்கச் சொல்றியா?" என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அவர் மனைவிக்கே பித்தப்பையில் கல். அதே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை ஆனது. சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதும், கேரட்டைக் குழைய வேகவைத்து, சோறும் பருப்புமாகக் குவித்துத் தானே மேல்மாடி வார்டுக்கு எடுத்துப் போனார். அவள் தட்டைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா, பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன? இத்தனையும் பாத்தாலே வயிறு அடைச்சுக்குதுங்க. மிச்சம் வச்சா நீங்க வருத்தப்படுவீங்களேன்னு வேற இருக்கு."

அவர் தட்டை ஓரமாக வைத்தார். ஒரு கிண்ணத்தில் இரண்டே கரண்டி எடுத்து நீட்டினார். அவள் மெல்ல மெல்லச் சாப்பிட்டு, கிண்ணத்தை வழித்து, "இன்னும் ரெண்டு வாய் இருக்கா?" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சாக்குச் சொல்ல அங்கே அடுப்புகூட இல்லை.

மறுநாள் அக்காவிடம் போய், "நீ சொன்னது சரிதாம்மா" என்றார். அன்றிலிருந்து எல்லோருக்கும் முதலில் அரைத்தட்டு. பிறகு சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய், "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று அவரே கேட்டார். சிலர் முணுமுணுத்தார்கள், கேட்டால் கிடைக்கிறது என்றதும் அடங்கினார்கள். தட்டுகள் காலியாகவே திரும்பின. காய்கறி வண்டி வராமலேயே போன வாரத்தில்கூட, இருந்ததை வைத்து ஒருவர் வயிறும் காயாமல் ஓட்டிவிட்டார்.

மனைவி வீட்டுக்குக் கிளம்பிய அன்று அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தாள். "நான் சொன்னா முகத்தைத் தூக்கினவரு, நீங்க சொன்னதும் கேட்டுட்டாரே" என்று அவள் மனைவியின் காதில் குசுகுசுக்க, இருவரும் அவரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க. பையைத் தூக்குங்க, போலாம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் மனைவி.