மறைத்து வைத்த பொத்தான்

தொண்ணூறுகளின் கடைசியில் பீளமேட்டில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்தி வந்தேன். பொள்ளாச்சி சரசக்கா எங்களிடம் ஓர் அம்மன் பாட்டு பாடிக் கொடுத்திருந்தார். அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். பிறகு பழைய குரல் இருக்குமா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கணவரோடு பையும் கையுமாக வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழிதானுங்க தம்பி. ஒருக்கா கேட்டுப்போட்டுப் போறனுங்க."

கம்ப்யூட்டரில் போட்டேன். மேளம் வந்தது, குழல் வந்தது, அவர் குரல் மட்டும் வரவில்லை. அழிந்தே போய்விட்டதா?

"கம்ப்யூட்டர் கொஞ்சம் சூடாகோணுமுங்கக்கா," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

துழாவும்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு குரலும் வாத்தியமும் தனித்தனி டிராக்காகத் திரையில் வரிசையாக நிற்கும். குட்டித் திரையில் எல்லா டிராக்கும் அடங்கட்டும் என்று, காலையில்தான் ஒவ்வொரு டிராக்கிலும் பாதிப் பொத்தான்களை மறைத்திருந்தேன். குழலைத் தனியாகக் கேட்பதற்காக அக்காவின் குரலை மியூட் செய்து அடக்கி வைத்தவன், அதை எடுத்துவிடாமலே மியூட் பொத்தானையும் மறைத்துவிட்டேன்.

பொத்தான்களைத் திரும்ப வரவழைத்தேன். அவர் டிராக்கில் ஒன்று சிவப்பாக எரிந்தது. அமுக்கினேன். அறை முழுக்க அவர் குரல். பாட்டு முடியும்வரை கணவர் அவர் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு, திரை நிரம்பி வழிந்தாலும் அந்தப் பொத்தானை நான் மறைத்ததில்லை.

அடுத்த வருஷம் கதவைத் திறந்துகொண்டு வந்தவர், சிரித்தபடி முதலில் கேட்டது இதுதான்:

"கம்ப்யூட்டர் சூடாயிருச்சுங்களா தம்பி?"

குரல் அப்படியே இருந்தது.